மோட்டார் சைக்கிளின் சங்கிலியைப் பேணுதல்



இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியதாகத் தோன்றக்கூடும். மோட்டார் சைக்கிளின் சங்கிலியைத் துடைத்து எண்ணெயிடுவதற்கு ஒரு பேச்சும் வேண்டுமோ என்று சிலர் எண்ணலாம். ஆயினும், எஞ்சின் பிறப்பிக்கும் ஆற்றல் பின்சில்லைச் சென்றடைவது அந்தச் சங்கிலியின் வழியாகவே. வேகமாகச் செல்லும்பொழுது அது பற்சில்லை விட்டு விலகி இடையிற் சிக்குமாயின், பின்சில்லு சுழலாது இறுகிவிடவுங் கூடும். அப்பொழுது ஆபத்துக்குள்ளாவோர் வண்டியில் அமர்ந்திருப்போர் மட்டுமல்லர், பின்னே வருவோருமாவர்.

நம்மிற் பலர் சங்கிலிக்கு எண்ணெய் விடுகின்றனர். ஆனால், அது சேரவேண்டிய இடத்தைச் சேர்வதில்லை. அவ்விடம் எது என்று அறியச் சங்கிலியின் அமைப்பைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

சங்கிலி, உட்கண்ணியும் வெளிக்கண்ணியும் மாறிமாறி அமைந்தது. உட்கண்ணியின் இரு தகடுகளையுஞ் சிறு உருக்குக் குழல்கள் இணைக்கின்றன. வெளிக்கண்ணியின் தகடுகளை இணைக்கும் ஆணிகள் அக்குழல்களினூடே செல்கின்றன. குழலின் மேலே, தன்போக்கிற் சுழலும் உருளையொன்று உண்டு. பற்சில்லின் பல்லிற் படிவது அதுவே. சுவிற்சர்லாந்திற் பிறந்து இங்கிலாந்தின் மான்செஸ்ரர் நகரிற் தொழில் நடத்திய ஹான்ஸ் ரெனோல்ட் என்பார் 1880ஆம் ஆண்டில் இவ்வமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். மெல்லிய தகட்டின் விளிம்பு மட்டுமே ஆணியில் அழுந்தி விரைவில் தேய்வதைத் தவிர்த்து, குழலின் முழு நீளமும் பாரத்தைத் தாங்கச் செய்ததே அதன் சிறப்பாகும். இன்று வீதியில் ஓடும் மோட்டார் சைக்கிள்களின் சங்கிலிகளும் அடிப்படையில் அவ்வகையினவே.

"சங்கிலி நீண்டுவிட்டது" என்று நாம் சொல்வதுண்டு. உண்மையில் தகடுகள் இழுபட்டு நீள்வது மிக அரிது. ஆணியுங் குழலும் ஒன்றோடொன்று உராய்ந்து தேய்வதனாலேயே நீளம் மிகுகின்றது. சிறிய வண்டிகளிற் பெரிதும் பயன்படும் 428 என்னும் எண்ணுடைய சங்கிலியை எடுத்துக்கொள்வோம். அதில் ஓர் ஆணிக்கும் அடுத்த ஆணிக்கும் இடையிலுள்ள தூரம் 12.7 மில்லிமீற்றர், அதாவது அரை அங்குலம். அதில் 110 மூட்டுகள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு மூட்டும் ஒரு தாளின் தடிப்பளவு, ஏறக்குறைய 0.1 மில்லிமீற்றர், தேய்ந்தாற்கூட மொத்தத்திற் சங்கிலி 11 மில்லிமீற்றர் நீண்டுவிடும். அவ்வாறு நீண்ட சங்கிலி பற்களின் அடியிற் படியாது நுனியை நோக்கி ஏறுகின்றது. பற்களையும் கொக்கிபோல் வளையத் தேய்க்கின்றது. ஆகவே, எண்ணெய் சேரவேண்டிய முதலிடம் ஆணிக்கும் குழலுக்கும் இடையிலுள்ள, கண்ணுக்குப் புலப்படாத அச்சிறு இடைவெளியே. தகட்டின் மேற் பளபளக்கும் எண்ணெய் துருவைத் தடுக்குமேயன்றித் தேய்வைத் தடுக்கமாட்டாது.

இங்கு ஒரு வேறுபாட்டையும் அறிந்துகொள்ளல் வேண்டும். 1970களிலிருந்து பரவிய ஒருவகைச் சங்கிலியில், தகடுகளின் இடையே கறுத்த றப்பர் வளையங்கள் காணப்படும். அவை தொழிற்சாலையில் மூட்டுக்குள் அடைக்கப்பட்ட கிறீஸை வெளியேறவிடாது காக்கின்றன. இத்தகைய சங்கிலிக்கு நாமிடும் எண்ணெய் உருளைகளுக்கும், பற்களுக்கும், அவ்வளையங்கள் உலராதிருப்பதற்குமே பயன்படும். பெற்றோலும் கம்பித் தூரிகையும் வளையங்களைக் கெடுத்துவிடுமாதலால் அவற்றை இங்கு நெருங்கவிடலாகாது. அழுத்தமாகப் பீய்ச்சும் நீரையும் நேரே அடித்தலாகாது.

இனி, வேலையைத் தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை. எஞ்சினை இயங்கவிட்டு, கியரிற் போட்டுச் சுழலும் சங்கிலியைத் துணியாற் பிடித்துத் துடைப்போர் உளர். இதனால் விரல்களை இழந்தோர் பலர். துணி பல்லிற் சிக்கினால், கையை விடுவிக்க நினைக்குமுன்னரே விரல் பற்சில்லுக்குட் போய்விடும். ஆதலின் எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துவிடுங்கள். கியரை நியூற்றலில் வைத்து, வண்டியை நடு ஸ்ராண்டில் நிறுத்துங்கள். சில்லைச் சுழற்றும்போது ரயரை மட்டுமே தொடுங்கள். சில்லு நின்ற பின்னரே சங்கிலியிற் கைவையுங்கள். சிறுவர்களை அருகில் நிற்கவிடாதீர்கள்.

துப்புரவுக்கு மண்ணெண்ணெய் போதும். தூரிகையில் அதனைத் தோய்த்து, கண்ணிகளின் நான்கு பக்கமுந் தேய்த்து, கறுத்துப் படிந்த அழுக்கை இளக்கித் துணியால் துடைத்தெடுங்கள். ரயரிலும் பிரேக்கிலும் ஒரு துளியும் படலாகாது. தீயும் புகையும் அண்மையில் இருத்தலாகாது. கழுவிய மண்ணெண்ணெயைத் தகரமொன்றில் ஏந்தி அகற்றுங்கள். சுண்ணக்கற் பாறையின்மேல் அமைந்த யாழ்ப்பாணக் குடாநாட்டில், நிலத்திற் சிந்தியது கிணற்று நீரை எளிதிற் சென்றடையும் என்பதை மறத்தலாகாது.

சங்கிலி உலர்ந்தபின் எண்ணெயிடலாம். 80 அல்லது 90 தரத்துக் கியர் ஒயில் இதற்கு ஏற்றது. சங்கிலிக்கென விற்கப்படும் எண்ணெயும் நன்று. கீழ்ப்புறமாகச் செல்லும் சங்கிலியின் உட்பக்கத்தில், உள்தகடும் வெளித்தகடும் பொருந்தும் இடைவெளியில், இருபுறமும் மூட்டுக்கொரு துளியாக விடுங்கள். சங்கிலி பற்சில்லைச் சுற்றி ஓடும்போது எண்ணெய் வெளிநோக்கி வீசப்படுகின்றது. உட்பக்கத்தில் விட்ட எண்ணெய் அவ்வாறு செல்லும் வழியில் மூட்டுகளை நனைக்கும். வெளிப்பக்கத்தில் விட்டதோ வீதிக்கே போய்ச்சேரும். வண்டி ஓடி முடிந்து சங்கிலி இளஞ்சூடாயிருக்கும் மாலை வேளையே இதற்குத் தக்கது. இரவு முழுவதும் ஊறவிட்டு, காலையில் மேலேயுள்ள மிகுதியைத் துடைத்துவிடுங்கள். துடையாதுவிட்டால் புழுதியும் மணலும் அதில் ஒட்டி, தேய்க்கும் பசையாக மாறிவிடும். தடித்த கிறீஸை மேலே அப்புவதும் அத்தகையதே. அது உள்ளே செல்லாது, மணலை மட்டுஞ் சேர்த்துவைக்கும்.

எஞ்சினிலிருந்து வடித்த பழைய ஒயிலைச் சங்கிலிக்கு விடும் வழக்கம் பரவலாக உண்டு. அது செலவற்றதுதான். ஆயினும், எஞ்சினிலே தேய்ந்த உலோகத் துகள்களும் கரியும் அமிலப்பொருள்களும் அதிற் கலந்துள்ளன. சேமிக்க எண்ணிய சிறு தொகையைப் பின்னர்ப் புதிய சங்கிலியின் விலையாகக் கொடுக்க நேரிடும்.

எண்ணெயிட்டபின் தளர்வையும் பாருங்கள். கீழ்ச் சங்கிலியின் நடுவை விரலால் மேலுங் கீழும் அசைத்தால், சிறிய வண்டிகள் பலவற்றில் 20 முதல் 30 மில்லிமீற்றர் வரை அசைவு இருத்தல் வேண்டும்; உங்கள் வண்டிக்குரிய சரியான அளவை அதன் கைந்நூலிற் காணலாம். சில்லைச் சிறிது சிறிதாகச் சுழற்றி, மிக இறுக்கமான இடத்திலேயே அளத்தல் வேண்டும். மிகத் தளர்ந்த சங்கிலி கழன்றுவிடும். மிக இறுகியதோ, பள்ளத்தில் விழுந்து சில்லு மேலெழும்போது பின்னும் இறுகி, தன்னையும் போல்பெயாரிங்குகளையுங் கெடுத்துவிடும். இணைப்புக் கண்ணியிற் கிளிப் உள்ளதாயின், அதன் மூடிய முனை சங்கிலி செல்லும் திசையை நோக்கியிருத்தல் வேண்டும். பின் பற்சில்லின் பின்புறத்திற் சங்கிலியைப் பிடித்திழுத்தால் பல்லிற் பாதி வெளித்தெரியுமாயின், அதன் காலம் முடிந்தது. அப்பொழுது சங்கிலியையும் இரு பற்சில்லுகளையும் ஒருங்கே மாற்றுவதே முறை. தேய்ந்த பல் புதிய சங்கிலியையும் விரைவில் தேய்த்துவிடும்.

கைந்நூல் கையில் இல்லாதோர் 500 கிலோமீற்றருக்கு ஒருமுறை இவ்வேலையைச் செய்வது நன்று. மாரி காலத்தில் மழைநீரில் ஓடிய பின்னரும், கடற்கரை மணல் வீதிகளிற் சென்று மீண்ட பின்னரும் அத்தூரத்தை எதிர்பாராது செய்தல் வேண்டும். முழு மூடியுள்ள சங்கிலி கண்ணிற் படாமையால் மறக்கப்படுவது எளிது. அம்மூடியையும் இடையிடையே கழற்றிப் பாருங்கள்.

ஒரு போத்தல் மண்ணெண்ணெயும், சிறிது கியர் ஒயிலும், ஒரு பழந்துணியும், ஒரு மாலைப்பொழுதின் சிறு பகுதியும் இதற்குப் போதும். அவ்வளவு கவனத்தை இச்சங்கிலிக்கு அளிப்பீர்களாயின், வீதியில் அது உங்களைக் கைவிடாது.