மரத்துப்போற ஊசி எங்கெல்லாம் போகுது?

இன்னைக்கு ஒரு ஊசியையும் ஒரு ஆட்டுக்குட்டியையும் பத்திப் பேசலாம்.

காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் தெருநாய்ங்க பட்டிக்குள்ள புகுந்து ஆடுகளைக் கடிக்கிறதைச் செய்தில பார்த்திருப்பீங்க. தப்பிச்ச குட்டிக்குத் தையல் போடணும்னா முதல்ல மரத்துப்போற ஊசி போடணும். பெரும்பாலும் லிக்னோகெயின். 1943-ல ஸ்வீடன்ல உருவாக்கின மருந்து. பல் பிடுங்கும்போது நமக்குப் போடுறதும் பெரும்பாலும் இதேதான்.

போட்ட இடத்துலயே அது நின்னுடும்னு நினைக்கிறோம். நிக்காதுங்க. கொஞ்சங்கொஞ்சமா ரத்தத்துல கலக்கும். முதல்ல நுரையீரல் ஒரு பங்கைப் பிடிச்சு வைக்கும். அடுத்து, ரத்தம் அதிகமா ஓடுற மூளை, இதயம், ஈரல், சிறுநீரகம். அப்புறம் தசை, கடைசியா கொழுப்பு. ஈரல் அதைச் சிதைக்கும். சிதைஞ்சது சிறுநீர்ல வெளியேறும்.

அளவோட இருந்தா பிரச்சினை இல்லை. ரத்தத்துல மருந்து கூடிட்டா மூளை தாங்காது: மந்தம், தசைத் துடிப்பு, வலிப்பு. இன்னும் கூடினா மூச்சும் இதயமும் நின்னுபோகலாம்.

ஒரு சின்னக் கணக்கு. 2 சதவீத மருந்துல ஒரு மில்லிக்கு 20 மில்லிகிராம் இருக்கும். கிலோவுக்கு 5 மில்லிகிராம்னு வெச்சா, 400 கிலோ மாட்டுக்கு 100 மில்லி வரைக்கும் போகலாம். 4 கிலோ குட்டிக்கு? வெறும் 1 மில்லி! பாட்டில் என்னவோ ஒண்ணுதான்.

நாய் கடிச்ச புண்ணு பழுத்திருந்தா சிக்கல் இன்னும் ஜாஸ்தி. அந்த இடத்துல அமிலத்தன்மை கூடுறதால மருந்து நரம்புக்குள்ள சரியா இறங்காது. ஆனா ரத்த ஓட்டம் அதிகமா இருக்கும், உடம்புக்குள்ள சீக்கிரம் போயிடும். குட்டி கத்தும், இன்னும் கொஞ்சம் போடலாம்னு கை போகும். ஆபத்து அங்கதான்.

அதனாலதான் மருத்துவர் முதல்ல எடையைப் பார்ப்பார். அந்த 1 மில்லியோட 3 மில்லி மருந்தில்லாத சலைன் சேர்த்தா 4 மில்லி ஆகும். காயத்தைச் சுத்திப் போடப் போதும், மருந்தோ அதே 20 மில்லிகிராம்தான். குத்தினதும் சிரிஞ்சைப் பின்னாடி இழுத்து, ரத்தம் வருதான்னும் பார்த்துக்குவார்.

ஊர்ல உங்க அம்மிச்சி வீட்டுல ஆடு இருந்தா இதைச் சொல்லி வையுங்க. கடிபட்டா தெரிஞ்சவங்க கையில ஊசியைக் கொடுக்க வேண்டாம். 1962-க்குக் கூப்பிடுங்க. குட்டியோட எடையையும் மறக்காம சொல்லுங்க.