பெட்டி போச்சு, ஆட்டம் இருக்கு
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

பழைய மாணவன் மைக்கைப் பிடித்தால் கேன்டீன் கதை வரும். நான் வீடியோ கேம் பற்றிப் பேசப்போகிறேன். முன்வரிசையில் சிரிக்கிறீர்கள். சிரிங்க! அதில் இரண்டு பேர் அரியர் வைத்ததற்கு அதுதான் காரணம்.

1994-ல் மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் என் நண்பன் வீட்டில் ஒரு பெட்டி இருந்தது. ஜப்பானின் நின்டெண்டோ கம்பெனி 1983-ல் வெளியிட்ட ஃபேமிகாமின் நகல், பர்மா பஜார் சரக்கு. கேசட் மேல் ஆயிரக்கணக்கில் ஆட்டம் என்று போட்டிருக்கும்; எண்ணினால் ஏழெட்டுதான் தேறும். எங்களுக்கு 'கான்ட்ரா' ஒன்றே போதும். அதில் மூன்றாவது கட்டம் அருவி. இருவரும் பாறை பாறையாக மேலே தாவ வேண்டும். ஒருவன் அவசரப்பட்டால் திரையும் கூடவே ஏறிவிடும், கீழே நிற்பவன் காலி. அவன் எனக்காக எப்பவும் நிற்பான். நான் நின்றதே இல்லை.

இரண்டு வருஷம் முன்பு அவனுக்குப் பக்கவாதம். பேச்சு திரும்பிவிட்டது, வலது கை திரும்பவில்லை. அடையாறில் என் வீட்டுக்கு வந்தவன், "பரண்ல அந்தப் பெட்டி இன்னும் இருக்குடா" என்றான். எடுத்துப் பார்த்தோம், உயிர் இல்லை. ரிச்சி தெருவில் காட்டினேன். "சில்லு மேலே கறுப்புப் பசை ஊத்தியிருக்கான் சார், ஒண்ணும் பண்ண முடியாது" என்று கையை விரித்துவிட்டார்கள்.

அப்போதுதான் எமுலேட்டர் பக்கம் போனேன். மாணவர்களே, இதில் மந்திரம் ஒன்றுமில்லை. லேபில் 8085 கிட்டில் 3E என்று அடித்தால் என்ன அர்த்தம்? அடுத்த எண்ணை எடுத்து அக்யுமுலேட்டரில் வை. ஃபேமிகாமின் மூளை 6502 வகை. அதற்கு அதே வேலை A9. எமுலேட்டர் அந்த எண்களை ஒவ்வொன்றாகப் படித்து, அந்தச் சில்லு செய்திருக்கக்கூடியதைத் தானே செய்கிறது. படம் வரையும் சில்லுக்கும் அப்படித்தான். இரண்டும் தாளம் தப்பாமல் ஓடணும், அதுதான் கஷ்டம்.

'ரெட்ரோஆர்ச்' இலவசம். இறக்கிக்கொண்டு, உள்ளேயே 'மெசன்' என்ற கோரைச் சேர்த்தால் ஃபேமிகாம் தயார். யூஎஸ்பி கன்ட்ரோலரைச் செருகினால் பெரும்பாலும் தானே கண்டுகொள்ளும். ஆட்டக் கோப்புதான் சங்கடம். எங்கள் கேசட்டே திருட்டுப் பிரதி. அதை நகலெடுத்தாலும் உரிமை வராது. 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு, முறைப்படி வைத்திருப்பவருக்குத்தான் காப்புப் பிரதி எடுக்க இடம் தருகிறது. அமெரிக்காவில் இருக்கும் தங்கையிடம் சொல்லி, பழைய அசல் கேசட் ஒன்றையும் அதைப் படிக்கும் கருவியையும் வரவழைத்தேன். மொத்த ஆட்டமும் 128 கிலோபைட்! வாட்ஸ்அப்பில் வரும் காலை வணக்கப் படம் பல சமயம் இதைவிடப் பெரிசு. இவ்வளவு மெனக்கெட முடியாதவர்களுக்கு, கோனாமியே 2019-ல் விற்பனைக்கு விட்ட கான்ட்ரா தொகுப்பு இருக்கிறது.

முதலில் ஆடியபோது கை அழுத்தி, கொஞ்சம் கழித்துத்தான் ஆள் குதித்தான். புது டிவிக்களின் தாமதம் அது. டிவியில் 'கேம் மோட்', ரெட்ரோஆர்ச்சில் 'ரன்-அஹெட்' இரண்டையும் போட்டதும் சரியானது.

நண்பன் கைக்குத்தான் ஒரு சாயங்காலம் முழுக்கப் பிடித்தது. குதிப்பதும் சுடுவதும் வலது கட்டைவிரல் வேலை. பட்டன் மாற்றும் இடத்தில் போய், குதிப்பதை இடது ஆள்காட்டி விரல் பட்டனுக்கு, சுடுவதை அதன் கீழுள்ள பட்டனுக்கு மாற்றினேன். அழுத்திப் பிடித்தாலே தொடர்ந்து சுடும்படி 'டர்போ'வும் வைத்தேன். அசல் பெட்டியில் பட்டன்களை இப்படி இடம் மாற்ற முடியாது. முப்பது உயிர் தரும் அந்தப் பழைய மேல்-மேல்-கீழ்-கீழ் வித்தை மட்டும் (ஹஷிமோட்டோ என்ற புரோகிராமர் முதலில் 1986-ல் 'கிரேடியஸ்' ஆட்டத்தில் தன் வசதிக்காக வைத்தது) அவன் இடது கையாலேயே போட்டான். மறக்கலை.

அருவி வந்தது. நான் கீழேயே நின்றேன். அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் தாவிப் போனான். நான் செத்தேன்.

"முப்பது வருஷத்துப் பாக்கிடா" என்றான்.

அவன் இன்று வந்திருக்கிறான், அதோ மூன்றாவது வரிசையில். சாப்பாடு முடிந்ததும் பக்கத்து அறையில் இரண்டு கன்ட்ரோலரோடு உட்கார்ந்திருப்போம். வரிசையில் வாங்க.