'சரிங்கய்யா' என்றால் சம்மதம் அல்ல

(முட்டுக்காட்டில் நடந்த வாசிப்பு வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் ஒரு தோழர் கேட்டார்: "குழந்தை யாரிடம் வளர்வது என்கிற வழக்குக்கு வக்கீல் எதற்கு? நம் நியாயத்தை நாமே பேசுவதுதானே சுயமரியாதை?" கேட்க எனக்கும் உற்சாகமாகத்தான் இருந்தது. சட்டமும் அந்தப் பக்கம்தான் சாய்கிறது. 1984ஆம் ஆண்டு குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி, அங்கே வக்கீல் வைத்துக்கொள்வது யாருக்கும் உரிமை அல்ல. நீதிமன்றம் அனுமதித்தால் உண்டு. ஆனால் கேட்டால் பெரும்பாலும் அனுமதி கிடைத்துவிடுகிறது. கேட்கத் தெரிந்தவர் வக்கீலோடு வருகிறார். தெரியாதவர் தனியாக நிற்கிறார்.

எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர், இசிஆர் ரிசார்ட் ஒன்றில் ஹவுஸ்கீப்பிங் வேலை. சாதி மறுப்புத் திருமணம், ஏழு வருடத்தில் முறிந்தது. ஆறு வயதில் ஒரு பையன். வாய்தாவுக்குப் போனால் அன்றைய கூலி போச்சு, இதில் வக்கீல் ஃபீஸ் வேறா என்று தனியாகவே போனார். எதிர்த்தரப்பு வக்கீல் இங்கிலீஷில் ஏதோ வாசித்தார். பையன் தகப்பன் வீட்டில், மாதம் இரண்டு ஞாயிறு தாயோடு என்பதுதான் அதன் சாரம் என்று அக்காவுக்குப் பிறகுதான் தெரிந்தது. "என்னம்மா, சரியா?" என்று மேலேயிருந்து கேள்வி வந்தது. "சரிங்கய்யா" என்றார்.

அந்தச் சொல்லை நமக்குத் தெரியும். காதில் விழுந்தது என்று அர்த்தம், அவ்வளவுதான். நம் பாட்டிகள் வரப்பில் கைகட்டி நின்று சொன்ன சொல். தாளில் அது சம்மதம் என்று ஏறிவிட்டது. சம்மதத்தின் பேரில் வந்த உத்தரவுக்கு மேல்முறையீடு கிடையாது என்கிறது அதே சட்டத்தின் 19ஆம் பிரிவு.

போனது ஞாயிற்றுக்கிழமைகள் மட்டுமல்ல. கலப்புமணப் பிள்ளையின் சாதி பற்றி 2012இல் ரமேஷ்பாய் தபாய் நாய்கா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: தகப்பனின் சாதி என்பது ஒரு அனுமானம்தான், பட்டியலினத் தாயிடம், அவர் சமூகத்தில், அதே இழிவுகளோடு வளர்ந்ததைக் காட்டித் தாயின் சாதியைக் கோரலாம். பையன் எந்த வீட்டில் வளர்கிறான் என்பது நாளை அவனுடைய சாதிச் சான்றிதழ் வரைக்கும் போகும். இதை அக்காவுக்கு அன்று யார் சொல்வது?

வக்கீல் வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்ல வரவில்லை. மனுவில் என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாமல் கையெழுத்துப் போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், தமிழில். பையன் எதற்கு பயப்படுவான், ராத்திரி யார் பக்கத்தில் படுத்தால் தூங்குவான் என்பதை நீங்கள்தான் நீதிபதியிடம் சொல்ல வேண்டும். அதை எந்த வக்கீலும் சொல்ல முடியாது. சட்டத்தை வக்கீல் பார்க்கட்டும்.

பணம்? 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் பெண்களுக்கும் பட்டியலின, பழங்குடி மக்களுக்கும் வருமான வரம்பே இல்லாமல் இலவச வக்கீல் உண்டு. 15100க்கு போன் செய்தால் போதும். வழக்குத் தொடங்கி எட்டு மாதம் கழித்துத்தான் அக்காவுக்கு இது தெரிந்தது. முனைவர் பட்டத்துக்குப் படிக்கிற எனக்கும் அப்போதுதான் தெரியும், வெட்கத்தோடு சொல்கிறேன்.

கதவு முழுக்க மூடவில்லை. சென்னையிலிருந்து போன ரோசி ஜேக்கப் வழக்கில் 1973இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, பிள்ளைகளின் பொறுப்பு பற்றிய உத்தரவு, சம்மதத்தில் வந்ததானாலும், இறுதியானதல்ல, பிள்ளையின் நலனுக்காக மாற்றலாம் என்று. அதை வைத்து இலவச வக்கீல் ஒருவர் புது மனு போட்டிருக்கிறார். அடுத்த வாய்தாவுக்குக் காலையிலேயே கேளம்பாக்கம் போய் பஸ் மாற வேண்டும். அக்காவோடு துணைக்குப் போக ஆள் வேண்டும். யாருக்கு அன்று லீவு போட முடியும்?