இரண்டு எழுத்துகள்

(வாசிப்புக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

யூத வாழ்வைப் பற்றிய புனைகதைகளில் மறைக்கப்பட்ட பூர்வீகம் என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. இந்த வகைக் கதைகளுக்கு ஒரு வாய்ப்பாடு உண்டு. ஒருத்தன் வேற யாராகவோ வளர்றான், ஒருநாள் உண்மை தெரியவருது, கதை முடிஞ்சது. யார் மறைச்சாங்க, எதுக்கு மறைச்சாங்க, தெரிஞ்ச பிறகு என்ன செய்யறது? இந்த மூணையும் கேட்காத கதையால நமக்கு என்ன பிரயோசனம்?

முதலில், யூதரல்லாத ஜார்ஜ் எலியட் 1876-இல் எழுதிய ‘டேனியல் டெரோண்டா’. ஆங்கிலேயச் சீமான் வீட்டில் வளர்ந்த டேனியலுக்குத் தன் தாய் ஒரு யூதப் பாடகி என்பது தெரியவருகிறது. தான் பட்ட கட்டுப்பாடுகள் மகனுக்கு வேண்டாமென்று அவனைக் கொடுத்துவிட்டவள் அவள். யூத வெறுப்பு ஊறிய சமூகத்தில் இப்படி எழுதியது சாதாரண விஷயமல்ல. ஆனால் உண்மை தெரிவதற்கு முன்பே அவன் யூதர்கள் பக்கம் இழுபடுகிறான். ரத்தம் பேசும் என்கிறது பிரதி.

எனக்கு அங்கதான் உதைக்குது. ரத்தக் கணக்கை வேற ஆட்களும் போட்டாங்களே! 1935-இல் நாஜிகளின் சட்டம் தாத்தா பாட்டிகளை எண்ணியது. அவர்களில் மூன்று பேர் யூதர் என்றால் நீயும் யூதன். 1940 அக்டோபரில் பிரான்சின் விஷி அரசும் அதே எண்ணிக்கையை எடுத்துக்கொண்டது. பிரான்சிலிருந்து சுமார் 76,000 யூதர்கள் நாடு கடத்தப்பட்டார்கள். அதில் ஏறத்தாழ 11,000 பேர் குழந்தைகள்.

பிலிப் கிரிம்பெர்ட் 2004-இல் எழுதிய ‘ஒரு ரகசியம்’ என்ற பிரெஞ்சு நாவல் இந்தக் குழந்தைகளில் ஒருவனைப் பற்றியது. 1948-இல் பாரிசில் பிறந்த உளப்பகுப்பாய்வாளர் அவர். சொந்தக் குடும்பக் கதையையே நாவலாக்கினார். குடும்பப் பெயர் முன்பு கிரின்பெர்க். நடுவிலிருந்த ‘என்’னை ‘எம்’ ஆக்கி, கடைசி ‘ஜி’யை ‘டி’ ஆக்கினார்கள். நான் வங்கி கவுண்ட்டரில் உட்காருகிறவன். பெயரில் எழுத்து மாறினால் காசோலையைத் திருப்பி அனுப்பிவிடுவோம். அங்கே இரண்டு எழுத்து மாறியதில் ஒரு வம்சமே மூடப்பட்டது.

கதைசொல்லி ஒரே பிள்ளை, நோஞ்சான். தனக்கொரு அண்ணன் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்கிறான். 15 வயதில், குடும்பத்துக்கு நெருக்கமான லூயீஸ் என்ற பெண் உண்மையைச் சொல்கிறாள். அண்ணன் நிஜமாகவே இருந்தான். பெயர் சிமோன், அப்பாவின் முதல் மனைவி ஹன்னாவின் மகன். தப்பியோடும் வழியில் சோதனை நடந்தபோது ஹன்னா தன் அசல் தாள்களை நீட்டினாள். இவன் என் மகன் என்று சிமோனையும் காட்டினாள். இருவரும் ஆஷ்விட்சில் கொல்லப்பட்டார்கள். கணவன் மனசு இன்னொருத்தி பக்கம் போனதைக் கண்டவள் ஹன்னா. அந்த இன்னொருத்திதான் கதைசொல்லியின் அம்மா.

ஆக, வீட்டார் மறைத்தது பயத்தால் மட்டுமல்ல, குற்றவுணர்வாலும்தான். சரி, யாரைக் குற்றம் சொல்வது? ஹன்னாவையா, அப்பாவையா? தோழர்களே, புருஷன் பெண்டாட்டி பிணக்கு எந்த வீட்டிலும் உண்டு. ஒரு தாளைக் காட்டினாலே சாவு என்று ஒரு அரசு ஏற்பாடு செய்து வைத்திருந்ததால்தான் இந்த வீட்டுப் பிணக்கு ஒரு குழந்தையின் கொலையில் முடிந்தது.

தெரிந்த பிறகு அவன் என்ன செய்தான்? ரத்தப் பெருமை பேசவில்லை. அவர்கள் மடிந்த இடத்தையும் நாளையும் தேடிக் கண்டுபிடித்து அப்பாவிடம் சொன்னான். பின்னாளில் ஒரு மாளிகைத் தோட்டத்தில் நாய்களின் கல்லறைகளைப் பார்க்கிறான். மாளிகை பியர் லாவலின் மகளுடைய குடும்பத்துக்குச் சொந்தமானது. 1942-இல், 16 வயதுக்குட்பட்ட குழந்தைகளையும் சேர்த்து அனுப்பலாமென்று ஜெர்மானியரிடம் சொன்ன விஷிப் பிரதமர் அந்த லாவல். அங்கே நாய்களுக்குக்கூட கல்லறை இருக்கிறது. சிமோனுக்கு இல்லை. அதனால்தான் இந்தப் புத்தகம்.

மறைத்து வாழ்வது நமக்கும் புதுசில்ல. மராத்தியில் பாபுராவ் பாகுல் சாதியை மறைத்தவனின் கதையை 1963-லேயே தொகுப்பாகக் கொண்டுவந்துவிட்டார். வாடகை வீட்டுக்காக வாயை மூடிக்கொண்டவர்கள் இந்த அறையிலும் இருக்கலாம். மேடையில் நாம அவங்களைக் கோழைங்கறோம். அந்த வாயை மூட வைத்தது யார் என்று முதலில் கேட்போம்.

விவாதத்துக்கு விடுகிறேன்.