சாதகம் பார்ப்பவரின் கடமை



பண்டாரவளை, அப்புத்தளை, பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் பிள்ளை பிறந்தால் சாதகம் எழுதுகிறோம். கல்யாணம் பேசினால் பொருத்தம் பார்க்கிறோம். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போவதென்றாலும் குறிப்பைத் தூக்கிக்கொண்டு போகிறோம். அப்படிப் போகிறவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால், அந்த நம்பிக்கையைக் காசாக வாங்கிக்கொள்கிறவருக்கு ஒரு கடமை இருக்கிறது. இன்று அதைத்தான் பேசப்போகிறேன்.

முதலில், பலன் தப்பலாம் என்பதை அவர் ஒப்புக்கொள்ளவேண்டும். பதவிக்காலம் இன்னும் கிட்டத்தட்ட இரண்டு வருடம் மீதியிருக்க, அப்போதைய ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷ ஜனாதிபதித் தேர்தலுக்குப் போனார். அதற்கு ஆலோசனை சொன்னவர் அவருடைய ஜோதிடர் சுமணதாச அபேகுணவர்தன. 2015 ஜனவரி 8 ஆம் திகதி நடந்த தேர்தலில் மஹிந்த தோற்றார். நாட்டின் தலைவருக்கே பலன் தப்புமென்றால், "நான் சொன்னால் சொன்னதுதான்" என்று எந்த ஜோதிடரும் அடித்துப் பேச முடியாது.

2017 இல் இன்னொன்று நடந்தது. 1987 இல் கொழும்பில் அன்றைய இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியைத் துப்பாக்கியால் அடித்த கடற்படைச் சிப்பாய் விஜித ரோஹண விஜேமுனி, பிற்காலத்தில் ஜோதிடரானார். ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன ஜனவரி 26 ஆம் திகதிக்குள் இறந்துவிடுவார் என்று சொன்னார். அந்த நாள் கடந்தது, சிறிசேன நலமாக இருந்தார். ஜோதிடர் கைதானார். ஜனாதிபதிக்கு மரணம் சொன்னதால் நாடே கேள்வி கேட்டது. "உன் புருஷனுக்கு இந்த வருஷம் கண்டம்" என்று லயத்தில் இருக்கிற ஒரு பெண்ணிடம் சொன்னால் யார் கேட்கிறார்கள்? அவள் மாதக்கணக்கில் தூங்காமல் கிடப்பாள். மரணத்துக்கு நாள் குறிப்பது எந்த ஜோதிடருக்கும் தகாது.

அடுத்தது செவ்வாய் தோஷம். லக்கினத்திலிருந்து 2, 4, 7, 8, 12 ஆம் இடங்களில் செவ்வாய் இருந்தால் தோஷம் என்கிறார்கள். பன்னிரண்டு வீட்டில் ஐந்து வீடு. கணக்குப் பார்த்தால் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் இந்தத் தோஷம் வரும். அத்தனை பேருக்கும் குடும்பம் கெட்டா போயிற்று? அதே சாத்திரத்தில் தோஷ நிவர்த்திக்கும் நிறைய விதிகள் உண்டு. தோஷத்தைச் சொல்லி நிவர்த்தியை மறைத்தால், அது அரைப் பொய். அந்த அரைப் பொய்யால் ஒரு பெண்ணுக்கு வந்த சம்பந்தம் திரும்பிப் போகிறது.

அடுத்தது பிள்ளையின் படிப்பு. இந்தியாவில் வானியலாளர் ஜயந்த் நர்லிகர் நடத்திய சோதனையின் முடிவு 2009 இல் வெளியானது. 27 ஜோதிடர்களுக்கு ஆளுக்கு 40 சாதகம் கொடுத்தார்கள். எது கெட்டிக்காரப் பிள்ளையுடையது, எது மனவளர்ச்சி குன்றிய பிள்ளையுடையது என்று சொல்லவேண்டும். சராசரியாக 46 வீதம்தான் சரியாக இருந்தது. காசைச் சுண்டிப் பார்த்தாலே பாதி சரியாக வந்திருக்கும். ஆகவே, ஒரு சாதகத்தைக் காட்டிப் பிள்ளையின் படிப்பை நிறுத்துவது பெரும் பாவம்.

இனிப் பரிகாரம். 2024 இல் தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. பரிகாரத்துக்குப் பதினையாயிரம் என்றால், அந்தச் சம்பளத்தில் மழையிலும் அட்டைக்கடியிலும் பதினொரு நாளுக்கு மேல் கொழுந்து பறித்த காசு. தோஷத்தைச் சொன்னவரே பரிகாரத்தையும் விற்றால், தோஷம் சொல்வதே அவருக்கு வருமானமாகிவிடும். நேர்மையான ஜோதிடர் கூலியை முன்கூட்டியே சொல்வார். கோயிலில் ஒரு விளக்கேற்றினால் போதும் என்பார். நோய் என்று வந்தவரைத் தியத்தலாவைக்கோ பதுளைக்கோ, ஆஸ்பத்திரிக்கு முதலில் அனுப்புவார். ஒரு வீட்டு ரகசியத்தை மறு வீட்டில் பேசமாட்டார்.

குறிப்பைக் கொண்டுபோகிற நாமும் கேட்கப் பழகவேண்டும். இதற்கு நிவர்த்தி உண்டா? பரிகாரக் காசு யாருக்குப் போகிறது? நீங்கள் சொல்வது தப்பவும் கூடுமா? முகம் கோணாமல் பதில் சொல்பவரிடம் மேலே பேசுங்கள். கோபப்பட்டால், குறிப்பை வாங்கிக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.