இரண்டாவது விமானம் காத்திருக்காது



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது பெரிய தத்துவம் அல்ல. முதன்முறை விமானம் ஏறுபவர், நடுவழியில் ஓர் ஊரில் இறங்கி இன்னொரு விமானத்தைப் பிடிப்பது எப்படி என்பதுதான். 'இதற்கு ஒரு கருத்தரங்கா?' என்று சிலர் சிரிக்கலாம். பணத்தையும் இழந்து, போக வேண்டிய காரியத்தையும் தவறவிட்டு வந்த குடும்பத்தைக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

நெகிரி செம்பிலானில் லாபு, நீலாய் பக்கம் குடியிருப்பவர்களுக்கு விமானச் சத்தம் புதிதல்ல. 1998இல் பக்கத்துச் சிப்பாங்கில் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம் திறக்கப்பட்டது. அதுவும் ஒரு காலத்தில் தோட்ட நிலம்தான். லாபுவிலேயே மலிவுக் கட்டண விமான நிலையம் ஒன்றைக் கட்டும் திட்டம்கூட இருந்தது. அது 2009 ஜனவரியில் கைவிடப்பட்டது. இவ்வளவு அருகில் இருந்தும், நம் தோட்டத்துப் பெரியவர்களில் பலர் அந்த நிலையத்துக்கு வழியனுப்பப் போனவர்களே தவிர, ஏறிப் போனவர்கள் அல்லர்.

கங்காணி இல்லாத பயணம்

நம் பாட்டன் பூட்டன் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினார்கள். பலருக்கு முன்னால் கங்காணி நடந்தார். பின்னால் அவர்கள் நடந்தார்கள். பிறகு 'ரஜூலா' கப்பலில் போய்வந்தவர்களுக்கும் கவலை குறைவு. ஒரே கப்பல், ஒரே சீட்டு. டிரங்குப் பெட்டியும் அதே கப்பலில்தான். கரை வந்ததும் எல்லாரும் ஒன்றாக இறங்கினார்கள்.

தோட்டத்து வாழ்க்கையும் அப்படித்தான் பழக்கியது. விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும்வரை நிற்க வேண்டும். எந்த நிரை என்று சொன்ன பிறகு போக வேண்டும். சொல்லாமல் நகரக் கூடாது. கேள்வி கேட்டால் 'வாய்க் கொழுப்பு' என்ற பட்டம் கிடைக்கும்.

இணைப்பு விமானப் பயணம் இதற்கு நேர் எதிரானது. அங்கே யாரும் நம்மைப் பெயர் சொல்லி அழைத்துப் போகமாட்டார்கள். நாமே பலகையைப் பார்க்க வேண்டும், நாமே கேட்க வேண்டும். கூப்பிடுவார்கள் என்று நாற்காலியில் காத்திருந்தால், விமானம் நம்மை விட்டுவிட்டுப் போய்விடும். நம்மவர்கள் தவிப்பது அறிவு குறைவால் அல்ல, ஆங்கிலம் வராததாலும் அல்ல. கேட்கக் கூச்சப்படுவதுதான் காரணம்.

டிக்கெட் வாங்கும்போதே கேளுங்கள்

திருச்சிக்கும் சென்னைக்கும் நேரடி விமானம் உண்டு. சுமார் நான்கு மணி நேரத்தில் போய்விடலாம். இராமேஸ்வரம் போக மதுரை, காசி போக வாரணாசி என்று கிளம்பும்போதுதான் நடுவில் மாற வேண்டிய தேவை வருகிறது. இதில் இணைப்பு விமானம் கிடைக்குமா, கிடைக்காதா என்பது பெரும்பாலும் டிக்கெட் வாங்கும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது. எனவே, பயண முகவரிடமோ, இணையத்தில் பதிவு செய்து தரும் பிள்ளைகளிடமோ மூன்று கேள்விகள் கேளுங்கள்.

முதல் கேள்வி: இரண்டு விமானமும் ஒரே பதிவு எண்ணில் இருக்கிறதா?

ஒரே பதிவாக இருந்தால், முதல் விமானம் தாமதமானாலும் அடுத்த விமானத்தில் நம்மை ஏற்றி அனுப்பும் பொறுப்பு விமான நிறுவனத்துக்கு இருக்கிறது. மலிவாகக் கிடைக்கிறதென்று தனித்தனியாக இரண்டு டிக்கெட் வாங்கினால் கதையே வேறு. இரண்டாவது நிறுவனத்தின் கணக்கில் நாம் 'வராத பயணி'. அந்த டிக்கெட் போனது போனதுதான். மலிவுக் கட்டண நிறுவனங்களில் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். ஏர் ஆசியாவில் இணைப்புப் பயணத்துக்கென்றே 'ஃப்ளை-த்ரூ' என்ற பதிவு முறை இருக்கிறது. நாமே இரண்டு டிக்கெட் வாங்கிச் சேர்த்துக்கொள்வது அதுவாகாது.

2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். அதை நம்பி வாழும் குடும்பம், கடைசி நேர டிக்கெட் ஒன்றைப் புதிதாக வாங்கினால் என்னவாகும்? நூறு வெள்ளி மிச்சம் பிடிக்கப் போய் பல நூறு வெள்ளி இழப்பது சிக்கனம் ஆகாது.

இரண்டாவது கேள்வி: பெட்டி எதுவரை போகும்?

முகப்பில் பெட்டியை ஒப்படைக்கும்போது ஒரு சீட்டு ஒட்டுவார்கள். அதில் மூன்று ஆங்கில எழுத்துகள் இருக்கும். ஐ.எக்ஸ்.எம். என்றால் மதுரை, எம்.ஏ.ஏ. என்றால் சென்னை, டி.ஆர்.இசட். என்றால் திருச்சி. அதைப் பார்க்காமல் முகப்பை விட்டு நகராதீர்கள். ஒரே பதிவாக இருந்தும் ஏறும் அட்டை ஒன்றுதான் கொடுத்தார்கள் என்றால், இரண்டாவது அட்டையை எங்கே வாங்குவது என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.

மூன்றாவது கேள்வி: குடிநுழைவுச் சோதனை எந்த ஊரில்?

நம்மவர்கள் அதிகம் குழம்பும் இடம் இதுதான். மதுரைக்குக் கொழும்பு வழியாகவும் போகலாம், சென்னை வழியாகவும் போகலாம். கொழும்பு வழியாக ஒரே டிக்கெட்டில் போகிறவர் கட்டுநாயக்க விமான நிலையத்தில் இலங்கைக் குடிநுழைவு வரிசைக்குப் போகவே கூடாது. 'டிரான்ஸ்ஃபர்' என்று எழுதியிருக்கும் பக்கம் திரும்ப வேண்டும். பெட்டி தானாக மதுரைக்குப் போய்விடும். இந்தியக் குடிநுழைவும் சுங்கச் சோதனையும் மதுரையில்.

சென்னை வழியாகப் போனால் எல்லாம் தலைகீழ். இந்திய மண்ணில் முதலில் கால் வைக்கும் ஊர் சென்னை என்பதால், குடிநுழைவும் சுங்கமும் அங்கேயே. பெட்டிச் சீட்டில் மதுரை என்று இருந்தாலும், பொதுவாகச் சென்னையில் அதை எடுத்துச் சுங்கம் கடந்து, உள்நாட்டு விமானத்துக்கு மறுபடியும் ஒப்படைக்க வேண்டும். 'பெட்டி மதுரைக்குப் போய்விடும்' என்று நம்பிக் கைவீசி வெளியே வந்தவர்கள், மதுரையில் பெட்டி வராமல் தவிப்பார்கள்.

உள்நாட்டுக் கட்டடத்தின் வாசலில் பாதுகாவலர் டிக்கெட்டையும் கடப்பிதழையும் பார்த்த பிறகுதான் உள்ளே விடுவார். ஆகவே டிக்கெட்டைத் தாளில் அச்சடித்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி ஒப்படைக்கும் முகப்பு, விமானம் புறப்பட ஒரு மணி நேரம் இருக்கும்போதே மூடிவிடும். தனித்தனி டிக்கெட்டாக இருந்தால், நடுவில் நான்கைந்து மணி நேரமாவது விடுங்கள்.

கடிகாரம் ஏமாற்றும்

டிக்கெட்டில் அச்சிட்டிருப்பது அந்தந்த ஊர் நேரம். இந்தியாவும் இலங்கையும் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கின்றன. கொழும்பில் இறங்கியும் மலேசிய நேரத்தையே காட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்து, 'விமானம் போய்விட்டதே' என்று பதற வேண்டாம். ஆனால் திரும்பும்போது ஆபத்து வேறு மாதிரி. தமிழ்நாட்டிலிருந்து கோலாலம்பூர் வந்து, அங்கிருந்து கூச்சிங்கில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகிறவர், கடிகாரத்தைத் திருப்பி வைக்காவிட்டால் இரண்டரை மணி நேரத்தை இழந்துவிடுவார்.

நள்ளிரவு தாண்டிய விமானமும் இப்படித்தான். சனிக்கிழமை அதிகாலை 12.30 என்றால், வெள்ளிக்கிழமை இரவே நிலையத்தில் இருக்க வேண்டும். புறப்படும் நேரம் என்று போட்டிருப்பது விமானம் நகரும் நேரம். ஏறும் வாயிலை அதற்குப் பத்து, இருபது நிமிடம் முன்பே மூடிவிடுவார்கள்.

நம் விமான நிலையத்திலேயே முதல் முனையமா, 2014இல் திறந்த இரண்டாம் முனையமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாறிப் போய் இறங்கிவிட்டாலும் பயமில்லை. விரைவு ரயிலில் மூன்று நிமிடத்தில் மற்றதற்குப் போய்விடலாம். முதல் முனையத்தில் 'சி' எழுத்தில் தொடங்கும் வாயில் என்றால், அது தனியாக நிற்கும் துணைக் கட்டடத்தில் இருக்கிறது. அங்கே போகும் ஏரோட்ரெய்ன் 2023 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, 2025 ஜூலையில் மறுபடியும் ஓடத் தொடங்கியது. அந்தப் பயணத்துக்கும் நேரம் ஒதுக்குங்கள்.

பிள்ளைகள் செய்ய வேண்டியது

இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். அம்மாவையோ பாட்டியையோ தனியாக அனுப்புகிறீர்களா? 'டிரான்ஸ்ஃபர்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் ஒரு தாளில் பெரிதாக எழுதிக் கொடுங்கள். படிக்கத் தெரியாவிட்டாலும், அதே எழுத்து வடிவத்தைப் பலகையில் தேடிப் பிடிப்பார்கள். அதே தாளில் விமான எண், போகும் ஊர், உங்கள் கைப்பேசி எண் எல்லாம் இருக்கட்டும். நடக்க முடியாதவர் என்றால், டிக்கெட் வாங்கும்போதே சக்கர நாற்காலி உதவி கேளுங்கள். தள்ளிக்கொண்டு போகும் ஊழியரே இரண்டாவது வாயில்வரை கொண்டுபோய் விடுவார். கைப்பையில் தண்ணீர், தேங்காய் எண்ணெய், ஊறுகாய் வேண்டாம். முதல் சோதனையில் தப்பினாலும், மாறும் ஊரில் நடக்கும் சோதனையில் எடுத்துப் போட்டுவிடுவார்கள்.

உரிமையும் தெரிந்திருக்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் விமானப் பயனீட்டாளர் பாதுகாப்பு விதிகளின்படி, இங்கிருந்து புறப்படும் விமானம் இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால் உணவு தர வேண்டும். ஐந்து மணி நேரத்தைத் தாண்டினால், பயணத்தைக் கைவிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். இந்தப் பணம் திரும்பப் பெறும் உரிமை 2024 செப்டம்பரில் சேர்க்கப்பட்டது. 2025 ஆகஸ்டு முதல் இந்தப் புகார்களைக் கவனிப்பது மலேசியப் பொது விமானப் போக்குவரத்து ஆணையம்.

ஊரில் அண்ணன் தவறிவிட்டார் என்று நடுச்சாமத்தில் செய்தி வரும். கடன் வாங்கி, கிடைத்த விமானத்தில் கிளம்புவோம். அந்த நேரத்தில் நிதானமாக யோசிக்க முடியாது. அதனால்தான் இந்த மூன்று கேள்விகளை இப்போதே மனப்பாடம் செய்யச் சொல்கிறேன்: ஒரே பதிவா? பெட்டி எதுவரை? குடிநுழைவு எங்கே?

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்றார்கள் நம் பெரியவர்கள். சீருடை போட்ட யாரைக் கண்டாலும் ஏறும் அட்டையை நீட்டுங்கள். மலாயில் கேளுங்கள், தமிழில் கேளுங்கள், கையைக் காட்டிக் கேளுங்கள். ஒருவருக்குப் புரியாவிட்டால் அடுத்தவரிடம் கேளுங்கள். கேட்பது அவமானம் அல்ல. காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவரின் உரிமை.