மூச்சிலுமா பிறவி பேதம்?

(சதுரங்கப்பட்டினத்தில் செய்த சொற்பொழிவு)



மனிதன் நாளொன்றுக்கு 21,600 மூச்சு விடுகிறான், ஆயுளுக்கு இத்தனை மூச்சென்று பிறக்கும்போதே எழுதியாகிவிட்டது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நிமிஷத்துக்கு 15 மூச்சென்று பெருக்கினால் அந்தத் தொகை சரிதான். ஆனால் எழுதியவன் யார்? கரைவலை இழுப்பவருக்கு நிமிஷத்துக்கு 40 மூச்சு வாங்குகிறதே, அதனால் அவர் ஆயுள் தேய்ந்தா போகிறது?

எழுத்தை நம்பவேண்டாம், அளந்து பாருங்கள். இதோ, ஐந்து லிட்டர் டப்பாவைத் தண்ணீரால் நிரப்பி அண்டாத் தண்ணீரில் கவிழ்த்திருக்கிறோம். மூச்சை நிறைய இழுத்து, இந்தக் குழாயில் ஊதுங்கள். வெளியேறிய தண்ணீரின் அளவே உங்கள் மூச்சின் அளவு. சும்மா இருக்கையில் போய்வருவது அரை லிட்டர். முழு மூச்சோ வளர்ந்த ஆணுக்குச் சுமார் நாலரை லிட்டர், பெண்ணுக்குச் சற்றுக் குறைவு. எவ்வளவு ஊதினாலும் ஒரு லிட்டருக்குமேல் நுரையீரலிலேயே தங்கிவிடும்.

இப்படியொரு கருவியைச் செய்து, இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்களை அளந்து 1846-இல் வெளியிட்டவர் இங்கிலாந்து வைத்தியர் ஜான் ஹட்சின்சன். உயரம் கூடினால் மூச்சு கூடுகிறது, வயதும் நோயும் ஏறினால் குறைகிறது என்று கண்டார்.

கருவி யோக்கியமானது, கையில் எடுத்தவன்தான் அயோக்கியன். அமெரிக்காவில் கார்ட்ரைட் என்ற வைத்தியன் 1851-இல், கறுப்பருக்கு 20 சதவிகிதம் மூச்சு குறைவு, ஆகவே அடிமை வேலை அவர்களுக்கு நல்லது என்று எழுதினான்! அடிமைமுறை ஒழிந்தும் அந்தப் புத்தி ஒழியவில்லை. கறுப்பருக்கு 10 முதல் 15, ஆசியாக்காரருக்கு 4 முதல் 6 சதவிகிதம் தள்ளிக் கணக்கிடும் வழக்கம் கருவிக்குள்ளேயே புகுந்தது.

இதனால் வரும் கேடு என்ன? நாலு லிட்டர் இருக்கவேண்டியவன் 3.4 ஊதினால் மூச்சு குறைந்திருக்கிறது என்று தெரியவேண்டும். 15 சதவிகிதம் தள்ளினாலோ, "உன் பிறப்புக்கு இதுவே சரி" என்று வீட்டுக்கு அனுப்பிவிடலாம்! நோயும் மறைந்தது, நஷ்டஈடும் போயிற்று. அமெரிக்க நுரையீரல் வைத்தியர் சங்கமே இந்த இனக் கணக்கைக் கைவிடும்படி 2023-இல்தான் சொல்லிற்று.

தோழர்களே, பிள்ளைப்பருவத்துப் பட்டினி, அடுப்புப் புகை, பீடி, தொழிற்சாலைத் தூசி இவை மூச்சைக் குறைக்கும். இவற்றை விசாரிக்காமல் பிறப்பைக் காட்டுவது நமக்குப் புதிதா? "அவனுக்குப் படிப்பு வராது" என்றவர்களும் பள்ளிக்கூடத்துக் கதவைச் சாத்திவைத்துக்கொண்டுதானே சொன்னார்கள்?

ஆகவே ஆஸ்பத்திரியில் ஊதச் சொன்னால் தைரியமாய் ஊதுங்கள். ஊதிய பிறகு, "எந்தக் கணக்கோடு ஒப்பிட்டீர்கள்?" என்று கேளுங்கள்.